ஐந்து இலட்சமா, ஐம்பது ரூபாயா: தேர்தல் காசை எங்கே எடுப்பது?

போன மாதம் இலங்கை மலையகத்தின் கொட்டகலையில், கோவில் மடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் எங்கள் சுயேச்சைக் குழு கூடியது. 17 பேர் வந்திருந்தோம். கூட்டம் கலையப் போகிற நேரத்தில் தலைவர் ஒரு செய்தியை எடுத்துப் போட்டார். ஹற்றனில் வியாபாரம் செய்கிற ஒருவர் அடுத்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்களுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் தரத் தயாராக இருக்கிறாராம். வீதியும் கேட்கவில்லை, டென்டரும் கேட்கவில்லை. "என் பேர் வெளியில வரக்கூடாது. நீங்க சபைக்கு வந்த பிறகு நான் போன் எடுத்தா பதில் சொல்லுங்க, அது போதும்" என்று மட்டும் சொன்னாராம்.

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் பொருளாளர் நான்தான். "தங்கச்சி, எந்த வழியில போனா என்ன நடக்கும்னு எழுதிக்கிட்டு வாங்க, அடுத்த கூட்டத்துல முடிவெடுப்போம்" என்றார்கள். அதற்காக எழுதியது இது. எங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றக் குழுக்களுக்கும் உதவலாம் என்றுதான் எல்லாருக்கும் தருகிறேன்.

எங்கள் கைநிலைமையை முதலில் சொல்கிறேன். 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலில் ஒரு சபைக்குப் போட்டியிட்டோம். ஆசனம் கிடைக்கவில்லை. பதிவு பெற்ற கட்சி ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபாய் கட்டுப்பணம் செலுத்தினால், சுயேச்சைக் குழு 5,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. 20 பேர் கொண்ட பட்டியல் என்றால் கட்சிக்கு 30,000, எங்களுக்கு ஒரு இலட்சம். துண்டுப்பிரசுரம் ஒன்றுகூட அடிக்காமல், ஒரு வான்கூட வாடகைக்கு எடுக்காமல் போகிற காசு இது. அந்த ஐந்து இலட்சம் ஏன் எங்கள் கண்ணில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1981 இல் வந்த தேர்தல் சட்டங்களுக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது வருடமாக இந்த நாட்டில் தேர்தல் செலவுக்கு வரம்பே இருக்கவில்லை. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அப்போது வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற கணக்கில், ஒரு வேட்பாளர் 186 கோடியே 82 இலட்சம் வரை செலவழிக்கலாம் என்று தேர்தல்கள் ஆணைக்குழு நிர்ணயித்தது. முடிவு வெளியானதிலிருந்து 21 நாளுக்குள் வரவையும் செலவையும் காட்டும் அறிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் குழுவின் அறிக்கையை நான்தான் நிரப்பினேன். நன்கொடை தந்தவரின் விபரத்தை எழுதும் இடத்துக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தது நினைவிருக்கிறது. ஒரு இலட்சம் கடன் தந்த என் அண்ணனின் பெயரைத்தான் அதில் எழுதினேன். அதிலேயே எனக்குக் கை கூசியது.

இந்தச் சட்டம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்குக் கோடு கிழிக்கிறது. காசு கொடுத்தவர் அதற்குப் பதிலாக என்ன பெறுகிறார் என்ற இடத்துக்கு அது வருவதில்லை. எங்கள் முன்னால் உள்ள கேள்வியோ அதுதான்.

முதல் வழி, அந்த ஐந்து இலட்சத்தை அவர் சொன்னபடியே வாங்குவது. பெயரை மறைத்தால் அறிக்கையில் பொய் எழுத வேண்டி வரும், அது குற்றம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தள்ளிவிடலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் "எல்லாரும் செய்றதுதானே, யார் பார்க்கப் போறா" என்றார்கள். அவர்களுக்காகச் சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொன்று சொல்கிறேன்.

எனக்கு ஹற்றனில் ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை இருக்கிறது. ஃபோட்டோ கொப்பி, படிவம் நிரப்புதல், மனு எழுதுதல், கொஞ்சம் அச்சு வேலை. சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் சீசனில் ஒரு அரசியல்வாதிக்காக நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் நிதி திரட்டும் இராப்போசன விருந்து வைத்தார்கள். அழைப்பிதழும், மேசையில் வைக்கும் பெயர் அட்டையும், நன்கொடைப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் என் கடையில்தான் அடித்தார்கள். மேடைக்குக் கிட்ட உள்ள மேசைக்கு ஒரு தொகை, தூர உள்ளதற்கு ஒரு தொகை. கடைசி நேரத்தில் இரண்டு பெயர்கள் மாறின. புது அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மிச்சக் காசுக்காகச் சமையலறைப் பக்க வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

வெளிக்கேற்றில் ஆறு பேர் நின்றார்கள். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், எல்லாரும் சுவெட்டர் போட்டிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த மனுவைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. என் கடையில் அடித்ததுதான். அவர்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடையைக் கடக்க இரண்டு மரக்குற்றிகளைப் போட்டிருக்கிறார்கள், மழைக்கு அது வழுக்கும், ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு வந்தவர்களாம். ஒன்பது மணியளவில் இணைப்புச் செயலாளர் வெளியே வந்தார். "ஐயா கையில குடுத்துடுறேன், நீங்க போங்க" என்று மனுவை வாங்கி நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். கடைசி பஸ் போய் நேரமாகிவிட்டது.

உள்ளே முதல் மேசைக்காரர் அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்த ஐயாவின் பக்கத்தில் கதிரை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தப்பாக ஒன்றும் கேட்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கொடுத்த காசுக்கு இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு இருந்தது, அதை அடித்தவளே நான்தான். ஆறு பேர் கொடுத்த மனுவுக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. அந்த மனு இன்னும் என் கணினியில் 'பாலம்' என்ற பெயரில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து அம்மா நாலு தடவை வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் "திகதிய மட்டும் மாத்திக் குடு தங்கச்சி" என்பார். மாற்றி அடித்துக் கொடுக்கிறேன். காசு வாங்க மனம் வருவதில்லை.

பெரிய நன்கொடைக்காரர் வாங்குவது இந்த நேரத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில், காசு கொடுத்தவருக்கு அரசியல்வாதியிடம் செல்வாக்கும் சந்திக்கிற வாய்ப்பும் இருப்பதாலேயே அதை ஊழல் என்று சொல்லிவிட முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்புக் கொடுத்தது. வேலைக்குக் கைமாறாகக் காசு வாங்கினால்தான் ஊழலாம். இலஞ்சச் சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம்தான். முதல் மேசைக்காரருக்கு அரை மணி கொடுத்தால் கேற்றடியில் நின்றவரின் அரை மணி போய்விடுகிறது.

மலையகத்தில் அந்த அரை மணி வேறு எந்த ஊரையும்விடப் பாரமானது என்று ஏன் சொல்கிறேன்? கொழும்பில் உள்ளவருக்கு வீதியும் தண்ணீரும் வேண்டுமென்றால் மாநகர சபைக்குப் போய்க் கேட்கலாம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதவு பல வருடம் சாத்தியே கிடந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆவது பிரிவைக் காட்டி, தோட்டம் தனியார் நிர்வாகத்தின் இடம், அங்கே சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வாக்கில் தெரிவான உறுப்பினரே எங்கள் லயத்துப் பாதைக்குக் கொங்கிரீட் போட முடியாத நிலைமை. 2018 இல் கொண்டுவந்த திருத்தத்தோடுதான் அது மாறியது. அதுவரைக்கும் ஒரு பாலமோ படிக்கட்டோ வேண்டுமென்றால் அமைச்சரின் நிதியிலிருந்தோ எம்பியின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்தோதான் வர வேண்டும். அரசியல்வாதியின் காதைத் தவிர வேறு வாசல் இல்லை. 1948 இல் குடியுரிமையையும் தொடர்ந்து வாக்குரிமையையும் பறிகொடுத்து, இலட்சக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, 2003 வரைக்கும் குடியுரிமைக்காகச் சட்டம் வர வர எதிர்பார்த்து நின்ற சமூகம் இது. எல்லாருக்கும் சமமாகக் கிடைத்த ஒரே பொருள் வாக்குச்சீட்டு. காசுள்ளவர் அதற்கும் முன்னால் போய் நிற்கிறார் என்றால் எங்களுக்கு மிஞ்சுவது என்ன?

மறைவாக வாங்கிய காசு ஒளிந்தே இருக்கும் என்றும் யாரும் நம்ப வேண்டாம். 2015 மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கக் கடன் பத்திர) விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு முன்னால், அப்போதைய வெளிவிவகார அமைச்சரின் குடும்பம் இருந்த சொகுசு வீட்டு வாடகையைப் பிணைமுறி வியாபாரியோடு தொடர்புடைய நிறுவனம் கட்டியதாகச் சாட்சியம் வந்தது. யார் கட்டினார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார் அமைச்சர். 2017 ஆகஸ்டில் பதவி விலகினார். பக்கத்து இந்தியாவில் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுப்பதற்கென 2018 இல் கொண்டுவந்த தேர்தல் பத்திரத் திட்டம், கொடுத்தவர் பெயரை வாக்காளருக்குத் தெரியாமல் வைத்திருந்தது. 2024 பெப்ரவரி 15 ஆம் திகதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதைச் செல்லாது என்றார்கள். அடுத்த மாதமே பட்டியல் வெளியே வந்தது. அதிகம் பத்திரம் வாங்கிக் கொடுத்தது ஒரு லொத்தர் கம்பனி, 1,368 கோடி இந்திய ரூபாய். அதில் 509 கோடி திமுகவுக்குப் போனதாக அந்தக் கட்சியே கணக்குக் காட்டியிருந்தது. தமிழ்நாட்டு அரசியலை நம் வீட்டு விஷயம் போலப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, பெரிய காசை வாங்கலாம், ஆனால் பெயரையும் தொகையையும் வெளியே போடுவது. எங்கள் செயலாளர் இதைத்தான் விரும்புகிறார், முதல் வழியோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். 2012 இல் பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சியின் பொருளாளர்களில் ஒருவர், இரண்டரை இலட்சம் பவுண் கொடுத்தால் பிரதமரோடு விருந்துண்ணலாம் என்ற மாதிரிப் பேசியதைப் பத்திரிகைக்காரர்கள் வேடமிட்டுப் போய்ப் பதிவு செய்தார்கள். அவர் பதவி விலகினார். எந்தெந்த நன்கொடைக்காரர்கள் தன்னோடு விருந்துண்டார்கள் என்ற பட்டியலைப் பிரதமர் வெளியிட வேண்டி வந்தது. கனடாவில் இதையே சட்டமாக்கிவிட்டார்கள். பிரதமரோ அமைச்சரோ கட்சித் தலைவரோ வருகிற நிதி திரட்டும் கூட்டத்துக்கு 200 டொலருக்கு மேல் நுழைவுக் கட்டணம் என்றால், ஐந்து நாளுக்கு முன்னாலேயே இடத்தையும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும், பிறகு வந்தவர்களின் பெயரையும் கொடுக்க வேண்டும். 2018 டிசம்பரிலிருந்து இது நடக்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹற்றன் மாதிரிச் சின்ன டவுனில் இது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கோவில் திருவிழாவுக்கு உபயகாரர் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்கே சண்டை வருகிறது. ஐந்து இலட்சம் கொடுத்தவரின் பெயரைப் பலகையில் போட்டால், அவர் நமக்குச் சொந்தக்காரர் என்று ஊர் படித்துக்கொள்ளும். சபையில் வேலை பார்க்கிறவரும் அப்படியே படிப்பார். பெயரை வெளியிடுவதால் ஒளிவுமறைவு போகும். வரிசையில் அவர் முன்னால் நிற்பது போகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐம்பது ரூபாய் கொடுத்த ஒரு கொழுந்தெடுக்கிற அக்காவின் பெயரையும் பலகையில் எழுதினால், சங்கத்தின் தோட்டத் தலைவர் பார்ப்பார், கணக்கப்பிள்ளை பார்ப்பார். அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்கள் ஆட்களில் பலர் இன்னும் தொழிற்சங்க அங்கத்தவர்கள். ஆகவே பெயர் போடுவதற்கு ஒரு கீழ் எல்லை வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குப் போகிற அறிக்கையில் எல்லாம் இருக்கட்டும். கடைச் சுவரில் ஒட்டுகிற பட்டியலில் 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் மட்டும் வரட்டும்.

வேட்பாளரே தன் காசைப் போடுவது மூன்றாவது வழி. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. அப்படிச் செய்தால் எங்கள் பட்டியலில் கடைக்காரரும் கொந்தராத்துக்காரரும்தான் இருப்பார்கள், தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிற ஒருவரும் இருக்க மாட்டார்.

நாலாவது வழி சந்தா. ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய், கடையில் ஒரு பிளேன்டி குடிக்கிற காசு. 300 பேர் 24 மாதம் கொடுத்தால் 360,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு வராமல் போகும் என்றே வைத்துக்கொண்டாலும் 240,000. அமெரிக்காவில் சியாட்டல் நகரத்தில் வாக்காளருக்கு நகர நிர்வாகமே 25 டொலர் பெறுமதியான நாலு சீட்டுக் கொடுத்து, விரும்பிய வேட்பாளருக்குக் கொடுங்கள் என்கிறது. நமக்கு அப்படி யாரும் தரப்போவதில்லை, நம் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த வழிதான் நல்லது என்று நான் முதலில் எழுதி முடித்துவிட்டேன். பிறகு அம்மாவின் பழைய சம்பளத் துண்டு ஒன்று பெட்டியில் அகப்பட்டது. கழிவுகளில் ஒரு வரி, சந்தா. அம்மா கையால் கொடுத்த காசு அல்ல. தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பியது. மலையகத்தில் இலட்சக்கணக்கானவர்கள் பல பத்து வருடம் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஏழைகள் சேர்ந்து நடத்திய இவ்வளவு பெரிய நிதி இந்த நாட்டில் வேறு இருந்திருக்குமா தெரியவில்லை. அந்தச் சங்கங்களால் கிடைத்தவற்றை நான் மறக்கவில்லை. வாக்குரிமை திரும்பக் கிடைத்ததிலும், சம்பளப் பேச்சிலும் அவற்றின் பங்கு பெரிது. ஆனால் 30 வருடம் சந்தா கட்டிய அம்மாவுக்குச் சங்க ஆபீசில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்துப் பேசியதை நான் பார்த்ததில்லை. தலைவரைப் பார்க்க மாவட்டத் தலைவரைப் பிடிக்க வேண்டும், அவரைப் பிடிக்கத் தோட்டத் தலைவரைப் பிடிக்க வேண்டும். காசு தானாகவே வந்து சேர்ந்ததால் கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

ஆகவே சின்னக் காசாக இருந்தால் மட்டும் கேற்று திறந்துவிடாது. சந்தாவை நாமே வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும். கொடுக்க விருப்பமில்லாதவர் அந்த மாதமே நிறுத்திவிட முடிய வேண்டும். மாதா மாதம் லயத்து வாசலில் நின்று ஐம்பது ரூபாய் கேட்கிறவருக்கு, "போன மாசம் சொன்ன தண்ணிக் குழாய் என்னாச்சு" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரும்ப முடியாது. கால் வலிக்கிற வேலைதான். ஆனால் இந்த வழியின் பலமே அதில்தான் இருக்கிறது.

அதோடு இன்னொன்றையும் சேர்த்துத்தான் நான் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். ஒரு சந்திப்புப் பதிவேடு. எங்களில் யார் சபைக்குத் தெரிவானாலும், யாரை, எந்த நாளில், எதற்காகச் சந்தித்தார் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும், மாத முடிவில் அதன் பிரதியைக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். போனில் பேசியதும் அதில் வரும். மனு கொடுக்கிறவருக்கு இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும், அந்த இலக்க வரிசையில்தான் கூப்பிட வேண்டும். பிரதேச சபை தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. யாருக்கு டென்டர் போனது என்று எந்தப் பிரஜையும் விண்ணப்பித்துக் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலையும் எங்கள் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருடைய போனுக்குப் பிறகு என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒருவரிடம் வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, சபையோடு கொந்தராத்து வைத்திருப்பவரிடம் ஐந்து சதமும் வாங்கக் கூடாது என்பதையும் எழுதி வைக்கச் சொல்வேன்.

குழுவில் மூத்தவர் ஒருவர் நான் என்ன எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார். "நீங்க சொல்றது நியாயம்தான்மா. ஆனா அவுங்க பத்து வான் விடுவாங்க, நாம கொப்பியையும் பேனாவையும் வச்சிக்கிட்டு என்னா பண்றது?" என்று கேட்டார். அவர் 1980 களிலிருந்து தேர்தல் வேலை செய்தவர், அவர் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கணக்கையே அவர் முன்னால் போட்டுக் காட்டினேன். 240,000 ரூபாயில் கொட்டகலை, நோர்வூட் என்ற இரண்டு சபைக்கும் கட்டுப்பணம் கட்டினால் மிஞ்சுவது 40,000. அதில் பிரசாரம் செய்ய முடியாது. ஒரு சபைக்கு மட்டும் என்றால் 140,000 மிஞ்சும். துண்டுப்பிரசுரத்துக்கும், கடைசி வாரத்தில் ஒரு வானுக்கும் போதும். அந்த ஐந்து இலட்சத்தை விட்டால் கொட்டகலை, நோர்வூட் இரண்டில் ஒன்றை விட வேண்டும். இதை மறைத்து இந்த வழி இலேசானது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நோர்வூட்டை எப்படிம்மா விடுறது, என் மக்கமாரு எல்லாம் அங்கதானே" என்றார்.

ஹற்றன் வியாபாரிக்கு நானே போன் எடுப்பதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். வருடத்துக்கு 10,000 வரை தரலாம், பெயர் சுவரில் வரும், நீங்கள் போன் எடுத்தால் அதுவும் கொப்பியில் வரும் என்று சொல்வேன். நல்ல மனிதர்தான், ஒருவேளை சம்மதிக்கவும் கூடும். கொட்டகலையா நோர்வூட்டா என்பதை வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேச வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை நேற்று இரவே அடித்து வைத்துவிட்டேன், மனுவுக்கு. முதலாவது தாளில் பாலம் என்று எழுதி, அந்த அம்மா வரும்வரை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.